ஒன்றரை மீட்டர் அலைன்னா எந்த ஒன்றரை மீட்டர்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "போன வாரமும் அலை 1.5 மீட்டர்னுதான் சொன்னாங்க, சின்னப் படகுல போயி நிம்மதியா மீன் புடிச்சிட்டு வந்தோம். இந்த வாரமும் அதே 1.5 மீட்டர்தான், ஆனா நிக்கக்கூட முடியல சார், தூண்டில்ல இரை கோர்க்க ரெண்டு கை வேணும், ரெண்டு கையுமே படகு விளிம்பைத்தான் புடிச்சிட்டிருந்துச்சு. அப்போ முன்னறிவிப்பு பொய்யா?"

பொய் இல்லீங்க, நீங்க பாதியைத்தான் படிச்சிருக்கீங்க. உயரத்துக்குப் பக்கத்துலயே விநாடிக் கணக்குல இன்னொரு எண் இருந்திருக்கும், அதுக்குப் பேரு அலைக்காலம், அதாவது ஒரு முகடு வந்து அடுத்த முகடு வர்ற வரைக்கும் ஆகுற நேரம். ஆழமான தண்ணில இந்தக் காலத்தை வர்க்கம் பண்ணி 1.56ஆல பெருக்கினா அலையோட நீளம் மீட்டர்ல வந்துரும். 10 விநாடி அலைன்னா முகட்டுக்கு முகடு 156 மீட்டர். 4 விநாடின்னா வெறும் 25 மீட்டர். ரெண்டுக்கும் 1.5 மீட்டர் உயரத்தைக் குடுத்துப் பாருங்க, முதல்ல சொன்னதுல படகு ஏறுற சரிவு 2 டிகிரிகூட வராது, தாலாட்டு மாதிரி இருக்கும். ரெண்டாவதுல 11 டிகிரி சரிவு, அதுவும் 4 விநாடிக்கு ஒருதடவை. போதாக்குறைக்கு சின்னப் படகு பக்கவாட்டுல ஆடுற இயல்பான காலமும் இதே மாதிரி சில விநாடிதான், அதனால ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளிவிடுற மாதிரி ஒவ்வொரு அலையும் ஆட்டத்தைக் கூட்டிக்கிட்டே போகும்.

இன்னொண்ணு. அந்த 1.5 மீட்டர் சராசரி உயரமும் இல்ல, அதிகபட்சமும் இல்ல. வர்ற அலைகள்ல உயரமான மூணுல ஒரு பங்கை மட்டும் எடுத்து அதோட சராசரியைப் போடுறாங்க, அனுபவசாலி ஒருத்தர் கண்ணால பாத்துச் சொல்ற உயரத்துக்கு அதுதான் கிட்டத்துல வருது. ஆயிரம் அலைக்கு ஒண்ணு இதைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரும்னு கணக்கு. 4 விநாடிக் கடல்ல ஆயிரம் அலைங்கறது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். அப்ப மணிக்கு ஒருதடவை 2.8 மீட்டர்ல ஒண்ணு வரலாம், வந்தா முன்னறிவிப்பைத் திட்டாதீங்க, அது ஏற்கனவே சொல்லிடுச்சு.

மீன்பிடி சீசன் கடைசில ஏன் இந்த மாதிரி நீளம் குறைஞ்ச குட்டை அலை ஜாஸ்தின்னா, கோடை முடிஞ்சு காத்து சீக்கிரம் குளிர்ந்துரும், ஆனா கடல் குளிர மாசக்கணக்குல ஆகும். கீழ வெதுவெதுன்னு தண்ணி, மேல குளிர் காத்து, அப்ப காத்து நிலையா நிக்காம மேலயும் கீழயும் புரளும், உயரத்துல ஓடுற வேகக் காத்து கடல் மட்டத்துக்கு இறங்கி விட்டு விட்டு வீசும். துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் வெப்ப வித்தியாசம் கூடக்கூட நடு அட்சரேகைக் கடல்கள்ல புயலும் பலமாகும். மீனுக்கு இதே நேரம் குளிர்காலத்துக்கு முன்னாடி கொழுப்பு சேர்க்குற நேரம், இல்ல இடம் பெயர்ற நேரம், அதான் வெறியா கடிக்குது, அதான் நம்ம ஆளுங்களும் வீட்ல இருக்க மாட்டேங்கறாங்க. இதெல்லாம் பள்ளிப் புத்தகத்துல இருக்குற சமாச்சாரம், நான் எழுத உக்காந்தது வேற விஷயத்துக்கு.

அலை எப்பவும் கூட்டமா வரும்னு கடல்ல போனவங்களுக்குத் தெரியும். நாலஞ்சு பெருசா வரும், அப்புறம் கொஞ்ச நேரம் அடங்கும், திரும்ப வரும். படகைத் திருப்பணும்னா அந்த அடங்குற நேரத்துலதான் திருப்பணும், ஏன்னா திரும்பும்போது கொஞ்ச நேரம் பக்கவாட்டைக் காட்டித்தான் ஆகணும். ஒருநாள் அஞ்சு மீட்டர் படகுல நான் இதைப் பண்ணப் போனேன். தூரத்துல நாலு பெரிய முகடு வரிசையா தெரிஞ்சது. சரி, நாலையும் விட்டுட்டுத் திருப்பலாம்னு அணியத்தை, அதாவது படகோட முன்பக்கத்தை, அலைக்கு நேரா வச்சு எண்ணினேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, முடிஞ்சதுடான்னு சுக்கானை ஒடிச்சேன். அஞ்சாவது வந்துச்சு. அதுவும் முழு சைஸ்ல. இரைப்பெட்டி கடலுக்குப் போச்சு, தூண்டில் முள்ளு என் சட்டைக் கையில ஏறுச்சு, படகுக்குள்ள கணுக்கால் வரைக்கும் தண்ணி. நான் எண்ணினதுல தப்பே இல்ல. நான் பாத்தப்போ அங்க நாலுதான் இருந்துச்சு. அஞ்சாவது அதுக்கப்புறம்தான் பொறந்துச்சு!

எப்படின்னு பாக்கலாம், இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆழ்கடல்ல நீளமான அலை வேகமா போகும், வேகம் நீளத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி. ரெண்டு அலை வரிசை ஒரே திசைல போகுதுன்னு வைங்க, ஒண்ணு 100 மீட்டர் நீளம், இன்னொண்ணு 121 மீட்டர் (வர்க்கமூலம் சுலபமா 10, 11ன்னு வரும், வேற ரகசியம் இல்ல). முதலாவது விநாடிக்கு 12.5 மீட்டர் ஓடும், ரெண்டாவது 13.75 மீட்டர். இப்ப சரியா உங்க படகுக்குக் கீழ ரெண்டோட முகடும் ஒண்ணு சேருது, அதனால அங்க பெரிய அலை. அடுத்த முகடுகளைப் பாருங்க, ஒண்ணு 100 மீட்டர் பின்னால, இன்னொண்ணு 121 மீட்டர் பின்னால, நடுவுல 21 மீட்டர். பின்னால இருக்குறது விநாடிக்கு 1.25 மீட்டர் கூடுதலா ஓடுது, அப்ப 21 மீட்டரை எட்டிப் பிடிக்க சுமார் 17 விநாடி. எங்க பிடிக்கும்? உங்க படகைத் தாண்டி 110 மீட்டர்ல. அங்கதான் அடுத்த பெரிய அலை. ஆனா முதல்ல ஒண்ணா இருந்த முகடுகள் அந்த 17 விநாடில 210 மீட்டரும் 231 மீட்டருமா போயி, ஜோடி பிரிஞ்சு, சிறுத்துப் போச்சு.

அதாவது முகடு 200 மீட்டருக்கு மேல ஓடியிருக்கு, "பெருசா இருக்குற இடம்" மட்டும் 110தான் நகர்ந்திருக்கு. பாதி வேகம்! கடல்ல ரெண்டுக்குப் பதிலா எண்ணிக்கையே இல்லாத வரிசைகள் கலந்திருக்கும், ஆனாலும் இந்தப் பாதி மாறாது. ஒவ்வொரு அலையும் கூட்டத்தோட வால்ல ஒண்ணுமில்லாம பொறந்து, நடுவுக்கு வந்து பெருத்து, தலைப்பக்கமா நடந்து போயி கரைஞ்சிருது, கூட்டம் மட்டும் பின்னால நிதானமா வருது. அதனால ஒரு போட்டோவுல நாலு முகடு தெரியிற கூட்டம் உங்க படகைக் கடக்கும்போது எட்டுதடவை தூக்கிப் போடும். என் அஞ்சாவது அலைக்கு இப்ப அர்த்தம் புரியுதா? இன்னும் மூணு பாக்கி இருந்திருக்கு.

சந்தேகமா இருந்தா காத்தில்லாத குளத்துல ஒரு பெரிய கல்லைப் போட்டுட்டு வளையத்தை உத்துப் பாருங்க, உள்பக்க ஓரத்துல புதுசு புதுசா கிளம்பி வெளி ஓரத்துல ஒவ்வொண்ணா காணாமப் போகும். சின்னக் கூழாங்கல் வேண்டாம், ரெண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான அலையில பரப்பு இழுவிசைதான் ராஜா, அங்க கதை தலைகீழ்.

"ஏழாவது அலைதான் பெருசு"ன்னு சொல்றவங்க நிறைய. கூட்டமா வருதுங்கறதைக் கண்ணால பாத்தவங்கதான் அதைச் சொல்லியிருப்பாங்க, அந்த அளவுக்கு மரியாதை குடுக்குறேன். ஆனா ஏழுன்னு ஒரு எண்ணைக் கட்டி வச்சதுதான் வினை, எத்தனைங்கறது புயலோட குணத்தைப் பொறுத்தது. ஆறு எண்ணிட்டு ஏழாவதுக்குக் காத்திருக்குற ஆளை மூணாவதே கவுத்துரும்.

கூட்ட வேகம் பாதிங்கறது தெரியாம தூரத்து அலை எப்ப வந்து சேரும்னு சொல்லவே முடியாது. 1000 கிலோமீட்டர் தள்ளி புயல் அடிச்சா அதோட 10 விநாடி அலை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்துல ஓடுதுன்னு 18 மணி நேரத்துல எதிர்பாத்தீங்கன்னா ஏமாந்துருவீங்க, ஆற்றல் வர்றது 28 கிலோமீட்டர்ல, 36 மணி நேரம் ஆகும். இரண்டாம் உலகப் போர் சமயத்துல படை இறக்குறதுக்காக அலை முன்னறிவிப்பு முறையை உருவாக்கின வால்டர் மங்க், 1963ல தென்கோடிக் கடல் புயல்கள்ல பொறந்த அலைகளை நியூசிலாந்துல இருந்து அலாஸ்கா வரைக்கும் வரிசையா கருவி வச்சுப் பின்தொடர்ந்தார். 10,000 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு வாரப் பயணம், நீளமானது முதல்ல, குட்டையானது பின்னால, கணக்கு சொன்ன மாதிரியே வந்துச்சு. இன்னிக்கு செயற்கைக்கோளுக்குப் பணம் கேட்டா கிடைக்குது, கடல்ல மிதக்குற அலைமானிக்கு பேட்டரி மாத்தவும் பாசி சொரண்டவும் பணம் கேட்டா கொட்டாவி விடுறாங்க. செயற்கைக்கோள் தலைக்கு மேல கடந்து போற கொஞ்ச நேரம்தான் பாக்கும், மிதவை ராத்திரி பகலா அங்கயே கெடக்கும். படம் அழகா இல்லாததுக்கு அது என்ன பண்ணும்?

அந்த வாசகர் இன்னொண்ணும் கேட்டிருந்தார், காலைல கிளம்பும்போது முகத்துவாரம் சாதுவா இருந்துச்சாம், மதியம் திரும்பினா அதே காத்துல அங்க சுவர் சுவரா அலை நின்னுச்சாம். கடல் வத்த ஆரம்பிச்சிருக்கும், தண்ணி வெளிய ஓடியிருக்கும், அலை எதிர்ல உள்ள வந்திருக்கும். அலைக்காலம் மாறாது, ஆனா எதிர்நீரோட்டத்துல அலையோட நீளம் சுருங்கும், கூட்ட வேகமும் விழும், ஆற்றல் தேங்கி உயரமா மாறும். எதிர்நீரோட்டம் அலையோட சொந்த வேகத்துல நாலுல ஒரு பங்கைத் தொட்டா கூட்டம் அப்படியே நின்னுரும். 4 விநாடி அலைக்கு அந்த நாலுல ஒரு பங்கு வெறும் 3 நாட் (மணிக்கு சுமார் 5.6 கிலோமீட்டர்), வத்துற நேரத்துல குறுகலான முகத்துவாரத்துல இது சர்வ சாதாரணம். முன்னேற முடியாத அலை அங்கயே செங்குத்தாகி உடையுது. நீளத்துல ஏழுல ஒரு பங்குக்கு மேல உயரம் போனா எந்த அலையும் தாங்காது.

அந்த நேரத்துல உள்ள நுழையாதீங்க, குளிர்ந்த தண்ணில விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சே உங்க பேச்சைக் கேக்காது, லைஃப் ஜாக்கெட் இல்லாம அந்த நிமிஷத்தைத் தாண்டுறது கஷ்டம். வெளியவே, அலைக்கு நேரா அணியத்தை வச்சுக்கிட்டு நில்லுங்க. ஓட்டம் தளர்ற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம், இரைப்பெட்டி இன்னும் படகுலயே இருந்தா தூண்டிலைப் போட்டுட்டே காத்திருக்கலாம்.