துபாயும் சிங்கப்பூரும் நமக்கு ஒரே தூரம்தான்

மன்னார்குடியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். போன வாரம் ஓர் அம்மா இரண்டு டிக்கெட்டுகளை மேசைமேல் வைத்தார். பெரிய மகன் துபாய்க்கு, சின்னவன் சிங்கப்பூருக்கு, இரண்டும் திருச்சியிலிருந்து. புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் விரல் விட்டுக் கழித்துப் பார்த்திருக்கிறார். “துபாய் இரண்டரை மணி நேரம்தான் தம்பி, பக்கம். சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம் காட்டுகிறதே, சின்னப் பிள்ளை அவ்வளவு நேரம் எப்படி உட்கார்ந்திருப்பான்?”

சின்னப் பிள்ளைக்கு வயது இருபத்தாறு. அது இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து துபாய் வான்வழியாகச் சுமார் 2,940 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 2,980. வித்தியாசம், கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள தூரம். இரண்டுக்குமே ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் டிக்கெட்டைக் காட்டியிருந்தால், ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளை வந்துவிடுவான் என்று அந்த அம்மா மகிழ்ந்திருப்பார்.

காற்றும் கொஞ்சம் கணக்கைக் கலைக்கும். ஆடியில் நம் வயல்வெளியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஆளையே தள்ளும். விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலோ அந்த மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. அதனால் சிங்கப்பூருக்குப் போகிறவர் சற்றுத் தாமதமாகவும், அங்கிருந்து வருகிறவர் சற்று முன்னதாகவும் இறங்கலாம். சில நிமிடங்கள்தான், இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது தேதியைப் பற்றி. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40, அதாவது நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம் என்றால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நமக்கோ விடிந்தால்தான் நாள். பஞ்சாங்கமும் அப்படித்தான் சொல்கிறது. ஒரு குடும்பம் வேன் பிடித்து, முறுக்கு டப்பா முதல் மாமனார் வரை ஏற்றிக்கொண்டு 15ஆம் தேதி இரவு போய் நின்றது. விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. டிக்கெட் பணமும் போயிற்று. தேதியை வாய்விட்டு விளக்காதது என் தவறு. அன்றிலிருந்து டிக்கெட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்: “14ஆம் தேதி மாலையே வீட்டிலிருந்து கிளம்பவும்.”

மாலையே என்பது மிகையல்ல. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி சுமார் 140 கிலோமீட்டர். வழியில் டீக்கடை, தஞ்சாவூர் நெரிசல், சித்தி வீட்டில் ஓர் எட்டு என்று மூன்றரை மணி நேரம் ஓடிவிடும். கிட்டத்தட்ட துபாய் போகிற நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே இருக்கச் சொல்வார்கள். பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதன்பின் அழுதாலும் திறக்காது.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா எழுந்தார். “அப்படியானால் இங்கே இரவு எட்டு மணி என்றால்?”

“துபாயில் ஆறரை, சிங்கப்பூரில் பத்தரை.”

“சின்னவனிடம்தான் முதலில் பேச வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.