777 போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னது யார்?

போன வாரம் காலை ஏழே காலுக்கு ஒரு போன். "சார், சைட் மறுபடியும் 500 எரர். 777 போட்டதும் ஓடுது. ஆனா மறுநாள் காலையில திரும்பவும் படுத்துக்குது." பேசியவர் லாராவெலில் (பிஎச்பி மொழியில் வெப்சைட் கட்டும் கருவித்தொகுப்பு) நன்றாகவே வேலை தெரிந்தவர். பதினோரு நாளாகத் தினமும் பல் துலக்குவதற்கு முன்பே சிஎச்மோட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். லினக்ஸ் சர்வரில் ஒரு ஃபைலுக்கான அனுமதியை, அதாவது பர்மிஷனை, மாற்றும் கட்டளை அது. மூன்று இலக்கங்களும் முறையே சொந்தக்காரர், குரூப், மற்றவர்கள்; 4 படிக்க, 2 எழுத, 1 ஓட்ட (எக்ஸ்). 777 என்றால் எல்லோருக்கும் எல்லாம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள் தேதிவாரியாக லாக் ஃபைல்கள் (நடப்பதையெல்லாம் சைட் குறித்துவைக்கும் இடம்). அத்தனைக்கும் சொந்தக்காரர் ரூட், அதாவது சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள யூசர். தினசரி லாக் வைத்தால், நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு யார் முதலில் எழுதுகிறாரோ அவர் பெயரில்தான் அன்றைய ஃபைல் உருவாகும். இவர் கிரான் வேலையை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ரூட் கணக்கில் போட்டிருந்தார். அது நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். 12 அடித்ததும் அது ஒரு வரி எழுத, ஃபைல் ரூட் பெயரில் 644 ஆக, அதாவது ரூட் மட்டுமே எழுதலாம் என்று, பிறந்துவிட்டது. காலையில் சைட் தன் பங்குக்கு லாகில் எதையோ எழுதப் போய் முட்டிக்கொண்டது. இன்றைய ஃபைலுக்கு 777 போட்டால் நாளைக்குப் பிறக்கப்போகும் ஃபைலுக்கு அதனால் என்ன? கிரான் வரியை ரூட்டிடமிருந்து எடுத்து வெப் சர்வரின் யூசருக்குக் கொடுத்தேன், ஸ்டோரேஜின் உரிமையை மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

பர்மிஷன் என்றால் எண் என்று எல்லோரும் நினைப்பதுதான் எனக்கு எரிச்சல். 644 போதவில்லையா, 755 வை. அதுவும் போதவில்லையா, 777. ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்புவது மாதிரி! எண்ணைத் தொடும் முன் கேட்க வேண்டியது 'யார்?' என்பது. சைட்டின் கோட் ஃபைல்களைக் கொண்டுவந்து வைத்தவர் யார்? அவற்றைப் படிக்கப்போகிறவர் யார்? நீங்கள் உங்கள் கணக்கில் டெப்ளாய் செய்கிறீர்கள், அதாவது சைட்டை சர்வரில் ஏற்றுகிறீர்கள். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரும் பிஎச்பியும் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா' என்ற வேறொரு யூசராக ஓடுகின்றன. ரெட்ஹாட் வகையறாவில் பெயர் வேறு. "என் லேப்டாப்ல ஓடுதே சார்" என்பார்கள். ஓடத்தான் செய்யும். அங்கே எழுதுகிறவரும் ஓட்டுகிறவரும் நீங்கள் ஒருவர்தானே! சர்வரில் இரண்டு பேர். அந்த இருவருக்கும் நடுவே உரிமையைப் பங்கிடச் சொன்னால், 777 போடுகிறவர் ஊருக்கே பட்டா எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சர்வரில் இருக்கும் எந்த யூசரும், எந்த ஓட்டைப் பிளகினும் உங்கள் கோட் ஃபைல்களைத் திருத்தலாம். டாட் என்வ் ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான்.

இத்தனைக்கும், பல இடங்களில் 777 வேலையும் செய்யாது. உபுண்டு 21.04 முதல் புது யூசரின் ஹோம் ஃபோல்டர் 750 ஆகத்தான் உருவாகிறது. அதற்குள் ப்ராஜெக்டை வைத்துவிட்டு ப்ராஜெக்டுக்கு மட்டும் 777 போடுகிறார்கள். வாசல் கதவு பூட்டிக் கிடக்க, பூஜை அறையைத் திறந்து வைத்து என்ன பயன்? மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய எக்ஸ் அனுமதி வேண்டும். நேம்-ஐ என்ற கட்டளையோடு -l சேர்த்து முழுப் பாதையையும் கொடுத்தால் ஒவ்வொரு படியிலும் யாருக்கு என்ன அனுமதி என்று வரிவரியாகக் காட்டும். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ரெட்ஹாட் வகையில் எஸ்இலினக்ஸ் என்ற இன்னொரு காவல் வேறு இருக்கிறது. ஃபைலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துத்தான் அது அனுமதிக்கும். ஹோமிலிருந்து ஃபைலை மூவ் செய்தால் பழைய லேபிளும் கூடவே வரும். எண் எதுவானாலும் சர்வர் தொடாது. லேபிளைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் கட்டளையை ஓட்டுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டு என்னிடம் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

403 எரர் ('அனுமதி இல்லை') வந்தாலே பர்மிஷன் பிரச்சினை என்பதும் தப்பு. என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் (அமைப்பு ஃபைலில்) சைட்டின் ரூட் பாதையை, அதாவது சைட் தொடங்கும் ஃபோல்டரை (ரூட் யூசர் அல்ல), லாராவெலின் பப்ளிக் ஃபோல்டருக்குக் காட்டாமல் ப்ராஜெக்டின் தலைக்கே காட்டினாலும், அங்கே இண்டெக்ஸ் ஃபைல் இல்லாததால் 403 வரும். எரர் லாகில் 13 என்ற எண்ணோடு 'பர்மிஷன் டினைட்' இருந்தால் அது பர்மிஷன் பிரச்சினை. 'டைரக்டரி இண்டெக்ஸ்' என்று இருந்தால் கான்ஃபிகைப் பாருங்கள். லாகைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள், தயவுசெய்து.

ஒருவர் ஹோம் முழுவதற்கும் 777 போட்டார். அடுத்த முறை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அவரை உள்ளே விடவில்லை. சாவி ஃபைலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்பாது, நம்பவும் கூடாது. இன்னொருவர், இருக்கும் ஃபோல்டரைக் குறிக்கும் './' என்பதில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு வெறும் சாய்கோட்டுக்கு, அதாவது சர்வர் முழுவதற்கும், 777 அடித்தார். வேறு யூசராகக் கட்டளை ஓட்ட உதவும் சூடோவே செத்துப்போனது. பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டார். புது சர்வர் வாங்குவது சுலபம் என்றேன்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஃபோல்டர் 755, ஃபைல் 644, டாட் என்வ் 640. அதன் குரூப் வெப் யூசருடையது. வெப் யூசர் எழுத வேண்டியவை ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப் கேஷ் ஃபோல்டர்கள் மட்டும். ஏற்கெனவே 777 போட்டுக் கெடுத்திருந்தால் சிஎச்மோடின் பெரிய எக்ஸ் உத்தி (ஃபோல்டருக்கும் ஏற்கெனவே எக்ஸ் உள்ள ஃபைலுக்கும் மட்டும் எக்ஸ் தருவது) உதவாது. எல்லா ஃபைலிலும் எக்ஸ் ஏறியிருக்கும். ஃபைண்ட் கட்டளை கொண்டு ஃபைலையும் ஃபோல்டரையும் தனித்தனியாகத் திருத்துங்கள். வெப் யூசரைப் புது குரூப்பில் சேர்த்தால் பிஎச்பி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்வரை அது தெரியாது. இதற்கே ஒரு முறை நான் இரண்டு மணி நேரம் தொலைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் சூடோவில் வெப் யூசராக மாறி அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் சைட்டுக்கும் திறக்காது.

அப்புறம், என்னைக் கூப்பிடும் முன் எரர் லாகின் கடைசி இருபது வரியை அனுப்புங்கள். எழுத்தாக அனுப்புங்கள். மானிட்டரை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். அதில் பாதி வரியை ஃபிளாஷ் வெளிச்சம் மறைத்துவிடுகிறது.