வளங்குன்றா வேளாண்மை

‘சஸ்டெய்னபிள் அக்ரிகல்ச்சர்’ என்ற ஆங்கிலத் தொடர் தமிழில் பல பெயர்களில் உலவுகிறது: நிலையான வேளாண்மை, நீடித்த வேளாண்மை, நீடித்த நிலைத்த வேளாண்மை, வளங்குன்றா வேளாண்மை. மூன்றாவதைப் பார்த்தால், எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் போட்டுவிட்டதுபோல் இருக்கிறது. கடைசியில் உள்ளதே சரி என்பது என் கட்சி.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் ‘சுஸ்தினேரே’: கீழிருந்து தாங்கிப் பிடித்தல். ஆனால் இன்றைய பொருள் வயலிலிருந்தும் வரவில்லை, லத்தீனிலிருந்து நேராகவும் வரவில்லை, காட்டிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் வனவியல் நூல் ஒன்றை வெளியிட்டார். சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் வேண்டும். வெட்டிக்கொண்டே போனதில் மரத்துக்குத் தட்டுப்பாடு. வளர்கிற அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று வாதாடிய அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லே பின்னர் வனவியலின் கலைச்சொல்லாகி, ஆங்கிலத்துக்குப் போயிற்று. 1987இல் சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லாந்து ஆணையத்தின் அறிக்கை அதை உலக அரசுகளின் வாயில் போட்டது.

ஆக, எடுப்பது ஊறுவதை மிஞ்சக் கூடாது என்பதே இச்சொல்லின் உயிர். ‘நிலையான’ என்பதில் அது இல்லை. நிலையான வைப்பு, நிலையான ஆட்சி என்கிறோம்; அசையாதது, மாறாதது என்று பொருள். வேளாண்மையோ பருவத்துக்குப் பருவம் மாறுவது. பயிரை மாற்றிப் போட்டால்தான் மண் தேறும். ‘நீடித்த’ காலத்தை மட்டும் அளக்கிறது. காய்ச்சலும் நீடிக்கிறது, போரும் நீடிக்கிறது.

‘வளங்குன்றா’ என்பதில் வளம் என்ற சொல்லே முன்னால் நிற்கிறது. குன்றுதல் என்றால் குறைதல். ‘குன்றாத’ என்பதன் ஈறு கெட்டு ‘குன்றா’ ஆயிற்று. செல்லாக் காசு, வாடா மலர் போல. எது குறையக் கூடாது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. பின்னால் வரும் ‘வேளாண்மை’க்கும் ஒரு பழைய பொருள் உண்டு. விருந்தோம்பல் அதிகாரத்தின் முதல் குறளில் அது பயிர்த்தொழில் அல்ல, பிறருக்கு உதவுதல்.

வளம் என்பது எது? வளரும் நாடுகளின் உழவர்கள் இதற்குத் தந்த விடைகள் அகராதியைவிட நுட்பமானவை. 1970களில் குவாத்தமாலாவின் மலைச்சரிவுகளில் மழைநீர் மேல்மண்ணை அரித்துப் போனது. அங்கே உழவர்கள் மூன்று கம்புகளை ஆங்கில ‘A’ எழுத்துப்போல் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார்கள். கயிறு குறுக்குக் கம்பின் நடுக்குறியில் நின்றால், இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருப்பதாகப் பொருள். அப்படியே அடிமேல் அடி வைத்துச் சரிவின் குறுக்கே கோடு கண்டு, வாய்க்கால் வெட்டி மண்ணைப் பிடித்தார்கள். ஒருவர் மற்றவருக்குக் காட்டிக் கொடுத்தார். ‘கம்பெசினோ அ கம்பெசினோ’, உழவரிடமிருந்து உழவருக்கு என்றே அந்த இயக்கத்துக்குப் பெயர். மெக்சிகோவுக்கும் நிகரகுவாவுக்கும் சென்று, 1997இல் கியூபாவின் சிறு உழவர் சங்கத்தின் கைக்கு வந்தது.

இந்தோனேசியாவில் வளம் சிலந்தி வடிவில் இருந்தது. நெற்பயிரைத் தாக்கும் புகையான் என்ற பூச்சியைக் கொல்ல அடித்த மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியைக் கொன்றது. புகையான் முன்னிலும் பெருகியது. 1986இல் அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன. வாரம் ஒருமுறை வயலில் கூடி, தூரைப் புரட்டிப் பூச்சிகளை எண்ணி, நடுவில் ஒரு நெற்பயிரும் சுற்றிலும் தீயவையும் நல்லவையுமாகப் படம் வரைந்து, மருந்து வேண்டுமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். மருந்து விற்பவருக்கு இது பிடித்திருக்காது.

இனி, ‘உழவர்’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘ஃபார்மர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் குத்தகைக்காரர். உழைப்பைவிடப் பணம் கட்டுவதே அதில் முன்னிற்கிறது. ‘விவசாயம்’ வடமொழியில் முயற்சி, தொழில் என்று பொருள்படும்; தமிழில்தான் அது வயலுக்கு வந்து சேர்ந்தது. ஸ்பானிஷின் ‘கம்பெசினோ’ வயலுக்குரியவர். 1993இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் உருவான பன்னாட்டு உழவர் இயக்கம் ‘லா வியா கம்பெசினா’, அதாவது உழவர் வழி, என்ற ஸ்பானிஷ் பெயரையே உலகெங்கும் வைத்துக்கொண்டிருக்கிறது. இவ்வியக்கம் நெடுநாள் கேட்டுவந்த உழவர் உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை 2018 டிசம்பரில் ஏற்றது: ஆதரவு 121, எதிர்ப்பு 8, நடுநிலை 54. அதில் வரும் ‘பெசன்ட்’ என்பதற்குத் தமிழில் ‘குடியானவர்’ நன்றாகப் பொருந்தும். வழக்கு குறைந்துவிட்டதே என்று தயங்கினால் ‘உழவர்’ போதும்.

ஒரு சிக்கல் உண்டு. வளங்குன்றா வேளாண்மையின் ஒரு முறை, நிலத்தை உழாமலே விதைப்பது. உழாதவரை உழவர் என்று எப்படிச் சொல்வது? எள்ளின் நெய்யாகப் பிறந்த எண்ணெய், தேங்காய்க்கும் கடலைக்கும், ஏன், மண்ணுக்கும்கூட ஆகிவந்ததுபோலத்தான்.