மூன்றாம் வகுப்புக் குழந்தை ‘அரும்பு’ நிலையில் இருந்தால் என்ன பொருள்? எண்ணும் எழுத்தும் திட்ட விளக்கம்

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால், முதல் இரண்டு வகுப்புகளில் எழுத்தையும் எண்ணையும் பழகியிருக்க வேண்டிய குழந்தைகள் பலர், அவற்றைப் பழகாமலேயே மேல் வகுப்புக்கு வந்து சேர்ந்தனர். அந்த இடைவெளியைச் சரிசெய்யத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததே ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025ஆம் ஆண்டுக்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது அப்போது வைக்கப்பட்ட இலக்கு. முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு நடந்த திட்டம், 2023-24 கல்வியாண்டில் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் குழந்தைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் பலருக்கு இத்திட்டத்தில் குழப்பம் தருவது, அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள்தாம். இவை தேர்ச்சி, தோல்வி போன்றவை அல்ல. குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இப்போது அதற்கு என்ன தெரியும் என்பதை மதிப்பிட்டு, அதற்கேற்ற நிலையில் வைத்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பு நிலையில் இருந்தால், முதல் வகுப்பில் கற்றிருக்க வேண்டிய சில திறன்கள் இன்னும் கைவரவில்லை என்பதே பொருள். அதற்காக அக்குழந்தையைக் கீழ் வகுப்புக்கு இறக்கிவிட மாட்டார்கள். பாடம் நடக்கும்போதே அவ்வப்போது செய்யும் வளரறி மதிப்பீடுகளில் முன்னேற்றம் தெரிந்தால் நிலை மாறும், மாற வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரு குழந்தை ஒரே நிலையில் நின்றுவிட்டால் பெற்றோர் கேள்வி கேட்க வேண்டியது அங்கேதான்.

கூட்டல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 27உடன் 15ஐக் கூட்ட வேண்டும். அரும்பு நிலைக் குழந்தைகள் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, சிறிய எண்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்ப்பார்கள். மொட்டு நிலைக் குழந்தைகள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, மிஞ்சிய ஏழையும் ஐந்தையும் சேர்த்து இன்னொரு பத்துக் கட்டு கிடைப்பதைக் கண்டுகொள்வார்கள். மலர் நிலைக் குழந்தைகள் அதையே பயிற்சி நூலில் ஒன்றை மேலே கொண்டுபோய் எழுதி, 42 என்று விடை காண்பார்கள். ஆடலும் பாடலும் கதையும் கலந்து நடப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். வகுப்பறை சத்தமாக இருக்கிறது என்பதை ஒரு குறையாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் மூன்று நிலைகளையும் நடத்துவது எளிதல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, தொடக்க நிலையில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர் இருக்க வேண்டும். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பகுதியிலோ நாற்பது குழந்தைகள் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருப்பதைச் சட்டப்படி குறையென்று சொல்ல முடியாது. அந்த இருவரில் ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ, ஓர் இடம் காலியாகவே கிடந்தாலோ அது குறைதான். எனவே “ஆசிரியர் போதவில்லை” என்று பொதுவாகச் சொல்வதைவிட, எத்தனை பணியிடம், எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று கேட்பதே பயன் தரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் வீடுகள் நிறைய. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் இக்குழந்தைகளும் தமிழ் படிக்கிறார்கள். இவர்களில் ஒருவர் தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். பாடவாரியாகத்தான் நிலையைக் கேட்டறிய வேண்டும். தமிழ் வாசிப்பு பின்தங்கியிருப்பதை வைத்துக் குழந்தைக்கு மூளைத்திறன் குறைவு என்று முடிவுகட்டுவது அநியாயம்.

பென்னாகரம், அரூர் பக்கங்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள், குழந்தையை ஆண்டின் நடுவில் அழைத்து வர நேரிடுகிறது. ஆண்டின் எந்த நாளில் வந்தாலும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் தாமதமானதையோ வயதுச் சான்று இல்லாததையோ காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுசெய்யச் சிறப்புப் பயிற்சி தருவது குழந்தையின் உரிமை.

இவற்றையெல்லாம் கேட்பதற்குரிய முதல் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருவது இங்கே பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக, எந்தெந்த நிலையில் எத்தனை குழந்தைகள், சென்ற பருவத்திலிருந்து எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் பேசலாம். குழந்தையின் உரிமை மறுக்கப்பட்டதாக உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் அளித்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி மூன்று மாதங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் நிறைவில்லாதவர்கள் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.