ஊடோட்டம்: குறைய வேண்டியது போக்குவரத்து அன்று

‘போக்குவரத்து குறைந்த சுற்றுப்புறம்’ என்ற தொடரை இந்த மாதம் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். 2020இல் பிரிட்டன் முழுவதும் பேச்சில் அடிபட்ட தெருமறிப்புத் திட்டமான ‘லோ டிராஃபிக் நெய்பர்ஹுட்’டைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார்கள். படிப்பவர் மனத்தில் எழுவது பஸ் எட்டிப்பார்க்காத ஒதுக்குப்புறம்.

அங்கே குறைக்கப்படுவது ‘த்ரூ டிராஃபிக்’ மட்டுமே. தெருவில் யாரையும் பார்க்க வராமல், அங்கிருந்து புறப்படவும் செய்யாமல், பெருஞ்சாலை நெரிசலுக்குத் தப்ப ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும் வண்டிகள். புகையும் இரைச்சலும் விபத்து பயமும் தெருக்காரர்களுக்கு. மிச்சமாகும் நேரம் வேறு யாருக்கோ.

‘டிராஃபிக்’ இத்தாலிய ‘டிராஃபிக்கோ’வின் வழி வந்தது, முதற்பொருள் வணிகம். வண்டி நடமாட்டம் என்ற பொருள் பிந்தியது.

நம் ‘போக்குவரத்து’ அப்படியன்று. போவதும் வருவதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ‘அந்த வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை’ என்றால் உறவு முறிந்துவிட்டது என்று பொருள். இப்போது, முனையில் பூந்தொட்டிகளும் இரும்புக் கம்பங்களும் வைத்து மறித்த ஒரு தெருவைப் பாருங்கள். கம்பங்களுக்கு நடுவே சைக்கிள் நுழைகிறது. கைத்தடியோடு ஒரு பாட்டி நடுத்தெருவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகிறார். தபால்காரரும் வீட்டுக்காரரின் காரும் மற்ற முனை வழியாக வந்துபோகிறார்கள். போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. முன்னைவிடக் கூடுதலாகவே உண்டு. இதைப் ‘போக்குவரத்து குறைந்த’ தெரு என்பது நேர்மாறான பொய். போக்குவரத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று கேட்டவர், தன் வாசலுக்குத் தன் காரே வராதோ என்று பயந்து எதிர்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பெயர் வைத்தவர்கள்தான் பயத்தைக் கிளப்பினார்கள்.

‘குறுக்குவழிப் போக்குவரத்து’ என்றும் எழுதுகிறார்கள். அது பாதிதான்; உள்தெருவில் புகுந்து செல்வதை மட்டும் சொல்கிறது, ஊரைக் கடந்து செல்வதைச் சொல்வதில்லை. டச்சுக்காரர்கள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: கடந்து செல்வது ‘டோர்காண்ட் ஃபெர்கேர்’, உள்தெருக்களில் பதுங்கிச் செல்வது ‘ஸ்லைப்ஃபெர்கேர்’. ‘மூலம் போக்குவரத்து’ என்று ஓரிடத்தில் கண்டேன்; அகராதியில் ‘த்ரூ’வுக்கு எதிரே இருந்த முதல் சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

நான் ‘ஊடோட்டம்’ என்கிறேன். ஊடுருவல், ஊடுபயிர் என்று ‘ஊடு’ நமக்குப் பழகியது. நீரோட்டம், மின்னோட்டம்போல ‘ஓட்டம்’ நில்லாமல் செல்வதைச் சொல்லும். ஊடலை நினைவூட்டுகிறதே என்றார் ஒரு நண்பர். ‘ஊடகம்’ என்று நாள்தோறும் சொல்கிறோம், யாருக்கும் ஊடல் நினைவுக்கு வருவதில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இல் தன் மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கார்கள் நேரே போக முடியாமல் செய்தது. சுற்றுச்சாலைக்குப் போய்த்தான் அடுத்த பகுதிக்குள் வர வேண்டும். ‘குரோனிங்கன் ஊடோட்டத்தை அறுத்தது’ என்றால் செய்தி முடிந்தது. ‘போக்குவரத்தைக் குறைத்தது’ என்று எழுதினால் அதன்பின் ஒரு பத்தி விளக்கம் வேண்டும்.

‘லோ டிராஃபிக் நெய்பர்ஹுட்’டை ‘ஊடோட்டமில்லாக் குடியிருப்பு’ என்று எழுதலாம். அந்தப் பூந்தொட்டிக்கும் கம்பத்துக்கும் ‘முறை வடிகட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; ஆங்கிலத்தில் ‘மோடல் ஃபில்டர்’ என்று இருந்ததாம். காரை மறித்து ஆளை விடுவது அதன் வேலை. ‘கார்மறிப்பு’ என்று எழுதினால் அந்தப் பாட்டிக்கும் புரியும்.