சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்

போன மே மாதம் சென்னையிலிருந்து திருச்சி போகிற வழியில், விழுப்புரம் தாண்டி ஒரு பங்க்கில் காற்று பார்க்க நிறுத்தினேன். காலையில் வீட்டில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) இருந்த டயர் அங்கே 37 காட்டியது. "சார், காத்து ஜாஸ்தியா இருக்கு, இறக்கிடுறேன்" என்றவர் நான்கையும் புஸ்ஸென்று 33-க்குக் கொண்டுவந்தார், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை அளந்தால் நாலும் 29!

எங்கும் கசியவில்லை. மூடிய இடத்தில் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், அவ்வளவுதான். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காலையில் 30 டிகிரியில் இருந்த உள்காற்று ஓட்டத்தில் 55-க்குப் போனாலே 33 என்பது 37 ஆகிவிடும். கார் கம்பெனி சொல்லும் அளவு ஆறிய டயருக்கானது, சூட்டில் ஏறப்போவதையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறார்கள். அதனால் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில் அளக்க வேண்டும். ஓடிவந்த டயர் கூடுதலாகக் காட்டினால் அதைத் தொடவே கூடாது.

சரி, எந்த அளவு? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். ஆள், சாமான் ஏற்றினால் பின் டயருக்கு எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். டயரின் பக்கத்தில் 44, 51 என்று பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் காருக்கான அளவு இல்லை. "எல்லா வண்டிக்கும் 35 போடுப்பா" என்பது வெறும் பழக்கம்.

குறைந்தால் என்ன கெடும்? ஆயிரம் கிலோ காரில் ஒரு டயருக்குக் கால் டன், அதைத் தாங்குவது உள்ளங்கை அகலத்துக்கு ரோட்டைத் தொடும் ரப்பர். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினாலு முறை. ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் சூடு. மே மாத ரோட்டில் டயர் வெடிக்க இதுவும் ஒரு காரணம். கூடினால் நடுப்பட்டை மட்டும் தேயும், குண்டு குழியெல்லாம் இடுப்புக்கு வரும்.

காற்றுக்குப் பதில் காசு கொடுத்து நைட்ரஜன் அடிக்கலாமா? சும்மா காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காசு உங்கள் இஷ்டம்.

அன்று காலையே நாலையும் 33 ஆக்கினேன். அப்புறம் ஏதோ தோன்றி ஸ்டெப்னியையும் அளந்தேன். 18.