கிரிப்டோவில் லாபத்துக்கு வரி உண்டு, நஷ்டத்துக்குக் கணக்கே இல்லை

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடி வீட்டுத் தம்பி, சீட்டு எடுத்த பணத்தைக் கிரிப்டோவில், அதாவது பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காயின்களில் போட்டவன். வருமான வரிக் கணக்கு போடும்போது லேப்டாப்போடு இறங்கி வந்தான். "அண்ணா, மொத்தத்துல இருபதாயிரம்தான் லாபம். வரி முப்பத்தோராயிரம்னு காட்டுது. எங்கேயோ தப்பா அடிச்சிட்டேன் போல."

அவன் சரியாகத்தான் அடித்திருந்தான். சட்டமே அப்படி.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அந்த வரித் தொகைமேல் செஸ் என்று கூடுதலாக 4 சதவீதம். சம்பளம் எந்த வரி அடுக்கில் இருந்தாலும் இதே விகிதம்தான். வாங்கிய விலையை மட்டும் கழிக்கலாம். வேறு செலவு எதையும் காட்ட முடியாது.

தம்பிக்கு பிட்காயினில் ஒரு லட்சம் லாபம், வேறொரு காயினில் எண்பதாயிரம் நஷ்டம். அந்த நஷ்டத்தை பிட்காயின் லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள். சம்பளத்திலும் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஆக, முழு ஒரு லட்சத்துக்கும் 31,200 ரூபாய் வரி. கையில் நின்ற இருபதாயிரத்தைக் கொடுத்து, மேற்கொண்டு 11,200 ரூபாயைச் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். பங்குச் சந்தையில் விட்ட பணத்தையாவது எட்டு வருடம் வரை கணக்கில் கொண்டுபோகலாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி இதுதான்.

இத்தனைக்கும் ஆசை விடுவதில்லை. பிட்காயின் எண்ணிக்கை மொத்தமே 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் போகாது, தங்கம் மாதிரி என்பார்கள். நூறு ரூபாய்க்கும் வாங்கலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் சந்தை திறந்திருக்கும். விலை ஏறினாலும் விற்காதவரை வரி இல்லை என்பதால், வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினால் அதுவும் விற்பனைதான். பேங்குக்குப் பணம் வரவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது.

2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ்ஸும், அதாவது விற்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியும் உண்டு. இது லாபத்தில் அல்ல, விற்ற தொகையில் பிடிப்பது. ஒரு லட்சத்துக்கு விற்றால், நஷ்டத்தில் விற்றிருந்தாலும், ஆயிரம் ரூபாய் போகும். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் ரீஃபண்டு கேட்கலாம். வருமான வரித் துறைக்கு நீங்கள் விற்றது தெரிய வருவதும் இதனால்தான்.

வரி வாங்குகிறார்களே, அப்போது அரசு அங்கீகாரம்தானே என்று தம்பி கேட்டான். இல்லை. கிரிப்டோவுக்குத் தடை இல்லை, ஆனால் அது சட்டப்படி செல்லும் பணமும் இல்லை. எக்ஸ்சேஞ்சுகள், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் ஆப் நடத்தும் நிறுவனங்கள், மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும் என்பது கறுப்புப் பணத்தைத் தடுக்க. எக்ஸ்சேஞ்சே முழுகினால், பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு இங்கே கிடையாது.

சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் வருமான வரிப் படிவமான ஐடிஆர்-1 இதற்கு ஆகாது. ஐடிஆர்-2இல் கிரிப்டோவுக்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, இரண்டு விலையும் கேட்பார்கள். ஆப்பிலிருந்து வருடவாரியாக ஸ்டேட்மென்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பழைய ஆப் ஒன்றை போனிலிருந்து அழித்திருந்தான்; அதன் பாஸ்வேர்டை மீட்கவே அன்று ராத்திரி பதினொன்றாகிவிட்டது.